படகுக்கு மூன்று உயிர்

17 ஜூன் 1984, ஞாயிறு

மெஹருன்னிசா வீட்டுக்குப் போயிருந்தேன். கணக்கில் ஒரு சந்தேகம் கேட்கத்தான் போனேன், கேட்கவில்லை. அவள் அண்ணன் அப்துல் ஹை சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறார். கூடவே ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் ஒரு அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருந்தேன். இது பரீட்சை அட்டை அளவுதான் இருக்கிறது. ரப்பர் பொத்தான்கள். டி.வி.யோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சொலி. கொஞ்ச நேரம் கழித்து டி.வி.க்குள் ஒரு குட்டி மனிதன் ஏணி ஏறுகிறான். நாம் பொத்தானை அழுத்தினால் அவன் குதிக்கிறான்.

அவன் எங்கே விழவேண்டும் என்று யார் முடிவு செய்தது என்று கேட்டேன்.

"அதுக்குன்னே எழுதறவங்க இருக்காங்கம்மா. சீமையில அதுதான் அவங்களுக்கு வேலை. ஆபீசுக்குப் போற மாதிரி போயி ஆட்டம் எழுதறாங்க" என்றார்.

ஆட்டம் எழுதுவது ஒரு வேலை! பொன்னேரி காலேஜில் பி.எஸ்ஸி. கணக்கு கடைசி வருஷம் வந்துவிட்டேன். குப்பத்தில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: டீச்சரா, பேங்க்கா? வேறொன்றும் உண்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

24 ஜூன்

என் பெயரைத் திரையில் வரவழைத்தேன். அப்புறம் அதை நகர வைத்தேன். டி.வி. முழுக்க இந்திராணி, இந்திராணி என்று ஓடியது. மெஹருன்னிசாவின் வாப்பா செய்தி பார்க்கவேண்டும் என்று வந்து நின்ற பிறகுதான் எழுந்தேன்.

15 ஜூலை

அப்துல் ஹை அண்ணன் கப்பலேறிவிட்டார். கம்ப்யூட்டரைத் தங்கையிடமே விட்டுப் போயிருக்கிறார். நானும் மெஹருன்னிசாவும் சேர்ந்து ஓர் ஆட்டம் எழுதப்போகிறோம். ஏணியும் மனிதனும் எங்களுக்கு வேண்டாம். எங்களுக்குத் தெரிந்தது ஏரி, கடல், இரண்டும் சேர்கிற முகத்துவாரம். படகு ஏரியிலிருந்து கிளம்பி, அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகவேண்டும். அதுதான் ஆட்டம். அவள் கட்டம் போட்ட தாளில் படகை வரைகிறாள். நான் அந்தக் கட்டங்களை எண்களாக மாற்றுகிறேன்.

இன்று பாதியில் கரண்ட் போனது. காலையிலிருந்து அடித்ததெல்லாம் போச்சு. இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

29 ஜூலை

இன்று என் அண்ணன் தசரதன் ஆடிப் பார்த்தான். மெஹருன்னிசா வீட்டுக்கு இறால் கொடுக்க வந்தவன், அவள் வாப்பா உள்ளே கூப்பிட்டதும் கூச்சத்தோடு வந்து டி.வி. முன்னால் குந்தினான். வலை இழுத்துக் காய்த்த விரலால் அந்த ரப்பர் பொத்தானை அழுத்தப் பயந்தான். "ஒடைஞ்சிடப் போவுது."

முதல் அலையிலேயே படகு கவிழ்ந்தது. அண்ணன் கைகொட்டிச் சிரித்தான். அடுத்ததும் கவிழ்ந்தது. "இன்னொரு தபா, இன்னொரு தபா" என்றான். நிஜத்தில் எத்தனையோ வருஷமாக அந்த இடத்தைத் தாண்டிப் போய்வருகிறவன், எங்கள் ஆட்டத்தில் ஒரு தரம்கூடத் தாண்டவில்லை. கிளம்பும்போது சொன்னான்: "அலை எல்லாம் ஒரே மாதிரி வர்துமா உன்னுதுல. அப்டி வராது. பெர்சு வந்தா பின்னாடி கொஞ்சம் மூச்சு வுடும். அப்பதான் தாண்டணும்."

மூச்சு விடுவதை எண்ணில் எப்படி எழுதுவது? வாரம் முழுக்க இதுதான் யோசனை.

19 ஆகஸ்ட்

எழுதிவிட்டேன்! பெரிய அலைக்குப் பின்னால் ஓர் இடைவெளி. அண்ணன் வந்து தாண்டினான். தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

2 செப்டம்பர்

இந்த வேலைக்கு என்ன படிக்கவேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன், அப்துல் ஹை அண்ணனிடமிருந்து பதில். ஆட்டம் எழுதவென்று நம் ஊரில் படிப்பு கிடையாதாம். முதலில் டிகிரியை முடி, பிறகு மெட்ராசில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் டிப்ளமா படி, ஏதாவது கம்பெனியில் சேர்ந்து கை பழகு என்கிறார். ஆட்டம் நன்றாக வந்தால் கேசட்டை இங்கிலாந்துக்கு அனுப்பலாம். அங்கே வெளியாட்கள் எழுதியதையும் வாங்கி வெளியிடுகிறார்களாம்.

சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பொம்மை ஆட்டம் காட்டறதுக்கு ஒரு படிப்பா?" என்றார். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன்தான், "அதுக்கு மூளை வேணும் நைனா. நம்ம வூட்ல அது கிட்ட மட்டும்தான் கீது" என்றான். பிறகு என்னிடம் தனியாக: "நீ படி. நைனாகிட்ட நான் பேசிக்கிறேன். அம்மாவ பத்திக் கவலப்படாத, நான் கூடத்தான இருக்கேன்."

14 அக்டோபர்

ஒரு தரம் கவிழ்ந்தாலே ஆட்டம் முடிந்துவிடுவது அநியாயம் என்கிறாள் மெஹருன்னிசா. கடைகளில் இருக்கிற ஆட்டங்களில் மூன்று உயிர் தருவார்களாம். அண்ணனைக் கேட்டோம். "மூணு குடு" என்றான். சரி, மூன்று.

11 நவம்பர்

விடாத மழை. வாடைக்காற்று நேற்றே திசை மாறிவிட்டது. ரேடியோவில் புயல், புயல் என்கிறார்கள். முகத்துவாரத்துப் பக்கம் கட்டியிருக்கும் படகை உள்ளே இழுத்து வந்துவிடுகிறேன் என்று அண்ணன் போயிருக்கிறான். நைனா வேண்டாம் என்றார். "தோ வந்துட்டன்" என்றான்.

12 நவம்பர்

வரவில்லை.

13 நவம்பர்

கூரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். அண்ணன் வரல. சுண்ணாம்புக்குளத்துல ஒதுங்கி இருப்பான்னு எல்லாரும் சொல்றாங்க. இருப்பான். அவனுக்குத் தெரியாத தண்ணியா?

15 நவம்பர்

சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள் ஆள் அனுப்பியிருந்தார்கள். நைனாவும் இன்னும் மூன்று பேரும் போனார்கள். அண்ணனைக் கொண்டுவந்தார்கள்.

23 டிசம்பர்

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

நைனா ஏரிக்குப் போவதில்லை. அம்மா பேசுவதில்லை. கூரை வேய்ந்தாகிவிட்டது. காலேஜுக்குப் போய் வருகிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஏரி தெரிகிறது, அதனால் உட்காருவதில்லை.

6 ஜனவரி 1985

மெஹருன்னிசா வந்து வலுக்கட்டாயமாக அழைத்துப் போனாள். நல்ல எண்ணம்தான். கேசட்டைப் போட்டாள், கீச்சொலி முடிந்தது, படகு வந்தது. பழக்கத்தில் கை பொத்தானுக்குப் போனது. அலை. படகு கவிழ்ந்தது. 'டுப்' என்று ஒரு சத்தம் – அந்தச் சத்தத்தைப் போட்டதே நான்தான், ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து. திரையின் மேல் மூலையில் மூன்று என்பது இரண்டு ஆனது. கரையில் புதுப் படகு ஒன்று வந்து நின்றது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

20 ஜனவரி

சண்டை. படகு கவிழக்கூடாது என்றேன். கவிழவே கூடாது. அலை அடித்தால் திரும்பிக் கரைக்கு வரட்டும். மெஹருன்னிசா மெதுவாகத்தான் சொன்னாள்: "முழுவலன்னா பயம் இல்ல இந்திரா. பயம் இல்லன்னா யாரு ஆடுவா?"

"உங்க வூட்ல யாரும் முழுவல, அதான் இப்டி பேசற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் சொன்னது தப்பில்லை. அதுதான் தாங்கவில்லை.

3 பிப்ரவரி

ஒரு வழி தோன்றியது. ஆடுகிறவர் படகில் இருக்கவேண்டாம். கரையில் இருக்கட்டும். கையில் விளக்கு. இருட்டில் படகுகள் வந்துகொண்டிருக்கும், விளக்கைச் சரியான இடத்தில் தூக்கிக் காட்டினால் வழி தெரிந்து உள்ளே வரும். காட்டத் தவறினால் படகு இருட்டுக்குள் போய்விடும். கவிழ்ந்ததா, எங்கேயாவது ஒதுங்கியதா – தெரியாது. கரையில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மெஹருன்னிசா வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இதைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே கட்டத்தாளை எடுத்து ஒரு பெண்ணை வரைய ஆரம்பித்துவிட்டாள். சேலையை எட்டுக் கட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

28 ஏப்ரல்

பரீட்சை முடிந்தது. ஆட்டம் பாதி. இடையில் மெஹருன்னிசாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். காரைக்கால்.

9 ஜூன்

மெட்ராசில் டிப்ளமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பதினேழாம் தேதி நேரில் வந்து சேரவேண்டும்.

12 ஜூன்

அம்மா இத்தனை மாதம் கழித்து இன்றுதான் முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள். "ஒண்ணு தண்ணிக்குப் போச்சு. இன்னொண்ண மெட்ராசுக்கு அனுப்பமாட்டேன்."

நைனா தலை குனிந்துகொண்டார். எனக்காகப் பேசுகிறேன் என்று சொன்னவன் இல்லை.

17 ஜூன்

போகல.

காலையில் சேலை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா தடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அழவில்லை, என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டிப் போக ஒரு ஆள் அளவு இடம் இருந்தது. என்னால் முடியல. பையை உள்ளே வைத்துவிட்டு உலை வைத்தேன்.

அம்மா மேல கோவம் வருதா? வருது. யாருகிட்ட சொல்றது?

8 செப்டம்பர்

மெஹருன்னிசாவுக்கு நிக்காஹ். பிரியாணி சாப்பிட்டேன். அவள் கையில் மருதாணி இருந்ததால் என் கையைப் பிடிக்கவில்லை, முழங்கையால் இடித்தாள். "முடிச்சிடு. எனக்குக் கடுதாசி போடு" என்றாள். எதை வைத்து முடிப்பது? கல்யாணத்துக்கு வந்த அப்துல் ஹை அண்ணன் கம்ப்யூட்டரைத் திரும்ப எடுத்துப் போகிறார். அங்கே அவர் பிள்ளைகள் கேட்கிறார்களாம். நியாயம்தானே. அவருடையது.

கேசட் மட்டும் என்னிடம். சாதாரண டேப்பில் போட்டால் வெறும் கீச்சொலிதான்.

2 பிப்ரவரி 1986

காட்டூரில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நல்ல பிள்ளைகள்.

25 மே

இன்று நைனா பேசினார். நான் வீட்டுக்குள் இருக்கிறேன் என்பது தெரியாமல் அம்மாவிடம்: "இங்க வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற பவுனு? அது தெனம் வந்து தண்ணியவே பாத்துக்கினு உக்காருது. நீ ஒருபக்கம், அது ஒருபக்கம். ரெண்டு பொணத்தோட நான் குடும்பம் பண்ணிக்கினு கீறேன்."

அம்மா கேட்டாள்: "மெட்ராசுல மழ பேஞ்சா தண்ணி ஏறுமா?"

"அது மாடில தங்கும்" என்றார் நைனா.

16 ஜூன்

நைனாவே அழைத்து வந்து சேர்த்தார். மறுபடி விண்ணப்பம் போட்டு, மறுபடி இடம். பொன்னேரியிலிருந்து ரயில். பெட்டிக்கு மேல் அம்மா கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்தாள், விடுதியே நாறுகிறது. அறையில் இருக்கும் பெண் முகம் சுளிக்கவில்லை. நாகப்பட்டினமாம்.

4 நவம்பர்

வகுப்பில் எல்லாரையும் கேட்டார்கள், படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று. ஆட்டம் எழுதப்போகிறேன் என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அதுக்கு இங்க கம்பெனி இல்லம்மா. சம்பளப் பட்டியல் போடற புரோகிராம் எழுதக் கத்துக்கோ, வேலை நிச்சயம்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார்.

இங்கே இருக்கும் கம்ப்யூட்டர் வேறு வகை. திரையில் எழுத்தும் எண்ணும் மட்டும்தான். இதில் படகு வராது.

13 ஜூலை 1987

வேலை. அண்ணா சாலையில் மூன்றாவது மாடி. சம்பளப் பட்டியல்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறேன் என்று மேனேஜர் சொன்னார்.

18 அக்டோபர்

மெஹருன்னிசாவுக்குப் பெண் குழந்தை. எழுதியிருக்கிறாள். கடைசி வரியில், 'முடிச்சியா?' என்று மட்டும்.

பதில் போடவேண்டும்.

17 ஜனவரி 1988

பொங்கலுக்கு ஊர் வந்து மூன்றாவது நாள். மத்தியானம் காட்டூரிலிருந்து என்னைப் பெண் பார்க்கும் யோசனையில் அம்மாவுக்குத் தெரிந்தவர் ஒருவர், கோவிந்தம்மா, வந்திருந்தார். காபி கொடுத்தேன். பொண்ணு மெட்ராசில் என்ன வேலை பார்க்கிறது என்று அம்மாவைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா சொன்னாள்: "கம்ப்யூட்டர்ல ஆட்டம் எழுதுது."

"ஆட்டமா?"

"ஆமா. டி.வி.ல வரும். நம்ம ஏரி, படவு, எல்லாம். அவங்கண்ணன் கூட ஆடிக்கீறான்." முகத்தில் எவ்வளவு பெருமை! அம்மா அதை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அண்ணன் வீட்டில் வந்து சொல்லியிருக்கவேண்டும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

கோவிந்தம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன்.

அவர் போனபிறகு கொல்லையில் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். நிமிராமல் கேட்டாள்.

"அந்த ஆட்டத்துல தசரதன் கீறானா?"

"கீறான்மா."

"கரைக்கு வந்துட்றானா?"

"வந்துட்றான்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.