ஹட்டன் கடையில் பெண் பார்த்தது

ஞாயிறு, இரவு

தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறை வீட்டில் உட்கார வைக்க இடமில்லை என்று, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அப்பா ஹட்டன் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். எனக்குக் கொழும்பில் ஆபீஸ் வேலை என்று அம்மா சொல்லியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கண்டியில் கம்பெனி வேலை என்றார்கள்.

சோறு வரவே இல்லை. கடை நிறையக் கூட்டம். பரிமாற ஒரே ஒரு பெண்தான்.

"மன்னிச்சுக்கங்க, கூட வேலை செய்ற பிள்ளை இன்னைக்கு வரல" என்றாள்.

"அதுக்கு நாங்க என்னா செய்றது?" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார். அவள் மறுபடியும் அடுப்படிக்கு ஓடினாள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்துபோய் மூன்று தட்டுகளை ஒரே கையில் அடுக்கி எடுத்துவந்து வைத்தேன். ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை.

"அக்கா, நீங்க எந்தக் கடையில வேலை செய்றீங்க?" அந்தப் பெண் சந்தோஷத்தில் சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"கொழும்புல, வெள்ளவத்தையில ஒரு சாப்பாட்டுக் கடையில" என்றேன்.

சாப்பிட்டு, கை கழுவி எல்லோரும் வெளியே போனார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளை மட்டும் மேசையருகே நின்றார். எச்சில் தட்டுகளை அடுக்கினார். எல்லாக் கிளாஸ்களையும் ஒரே கை விரல்களில் கோத்துத் தூக்கி, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அவர்களிடமிருந்து போனும் வரவில்லை.

கிளாஸை அப்படித் தூக்கக் கம்பெனியில் யாரும் பழக்க மாட்டார்கள்.