பச்சை ஸ்வெட்டர்

பாப்பா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் போனில் எப்படிச் சிரித்தாய்! "ஏர்போர்ட்ல நான் தூண்கிட்ட நின்னு கையை ஆட்டறேன், நீ என்னை மாதிரியே பச்சை ஸ்வெட்டர் போட்ட யாரோ தாத்தாவுக்கு டாட்டா காட்டறே! கண்ணாடியை எங்கேம்மா விட்டே?"

கைப்பையில் என்றேன். மூக்கில்தான் இருந்தது.

லேபில் என்னை மைக்ரோஸ்கோப்பிலிருந்து ரசீது கவுண்டருக்கு மாற்றியதைப் புரமோஷன் என்று நினைத்துக் கேக் வாங்கி வந்தாயே, நானும் வெட்டினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் டிக்கெட்டைக் கிழித்திருப்பாய்.

இருக்கிற பார்வை ஒரு வருஷம் தாங்கும் என்கிறார் டாக்டர். நீ வர மூன்று வருஷம் ஆகும். அன்று ஏர்போர்ட்டுக்கு உன் முகத்தை ஆசைதீரப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன்.

அந்தத் தாத்தா திரும்பிக் கையசைத்தார், பாப்பா. நீதான் என்று நினைத்து, இது போதும் என்று வீட்டுக்கு வந்தேன்.

அம்மா