தறி நின்ற நேரத்து அமைதி

என் அப்பாவுக்கு, என் செல்ல நைனாவுக்கு,

நேற்று மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவில் நகரி வீட்டில் நம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நீ ஏதோ சொல்கிறாய், வாய் அசைகிறது, தறிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. எழுந்து பார்த்தால் திருப்பதி வீட்டு ஜன்னலில் மலையும் அதன்மேல் சாய்ந்து கிடந்த மேகமும்தான். என்ன சொன்னாய் நைனா?

உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. நீ கண்ணை மூடிய மறுவருஷமே சித்தூர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இங்கே யுனிவர்சிட்டிக்கு வந்துவிட்டேன். குற்றவியல் பாடம் எடுக்கிறேன். டெபுடேஷனில், தற்காலிகமாகத்தான் வந்தேன். திரும்பிப் போகிறேனா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "எஸ்.ஐ. அம்மாவோட நைனா வராரு" என்று டீக்கடையில் உனக்கு பெஞ்சில் இடம் விடுவார்கள். நீ மீசையைத் தடவிக்கொண்டு உட்காருவாய். அதை நினைத்தபோதெல்லாம், வரமாட்டேன் என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். என் வகுப்பில் யாரும் வாயே திறக்கவில்லை. முதல் நாளே சொதப்பிவிட்டேன். "சாட்சியம்னா என்ன?" என்று கேட்டுவிட்டு, ஸ்டேஷன் பழக்கத்தில் கதவை மறித்து நின்று, கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனையே பேசாமல் பார்த்தேன். எங்கள் தொழிலில் அதட்டுவதைவிட அது நன்றாக வேலை செய்யும். எதிரில் இருப்பவர் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அவனும் வியர்த்துப்போய் எழுந்தான்.

"தப்பு அயிபோயிந்தி மேடம், தப்பாயிடுச்சு! நேத்து வேற கிளாஸ்ல ஃப்ரெண்டுக்கு நான்தான் அட்டெண்டன்ஸ் சொன்னேன்!"

வீட்டுக்கு வந்து சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு மொத்த வகுப்பும் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டது.

போன வெள்ளிக்கிழமை பாடத்தின் நடுவில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அந்த அமைதி எனக்கு முன்பே தெரிந்த அமைதி. கரண்ட் போய்த் தறி நின்றால்தானே நம் வீட்டில் பேச்சு வரும்? நீ வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "சொல்லு கண்ணு, இஸ்கூல்ல இன்னா நடந்துச்சு?" என்பாய். அப்புறம் பேசாமல் காத்திருப்பாய். உனக்கு அவசரமே இருக்காது. நானும் என்னை அறியாமல் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த மாணவி, பிச்சாட்டூர்ப் பெண், மெதுவாகக் கேட்டாள்: "மேடம், எங்க அண்ணன ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சி, ஒண்ணுமே கேக்காம பாத்துக்கினே இருந்தாங்களாம். திருடாதவன் திருடுனேன்னு ஒத்துக்கினான். செய்யாதவன் இன்னாத்துக்கு மேடம் ஒத்துக்கணும்?"

நானும் அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தவள்தான். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஸ்டேஷனில் யாருக்குத் தைரியம் வரும்?

"நீ சொல்லும்மா, நான் கேக்கறேன்" என்றேன். அவள் சொன்னாள். ஒவ்வொருவராக நகர்ந்து நெருங்கி வந்தார்கள். கரண்ட் வந்து ஃபேன் மறுபடி இரைந்தது. அந்தப் பெண்ணே எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பவில்லை என்று இன்று காலை எழுதிக் கொடுத்துவிட்டேன். டீக்கடை பெஞ்சு போச்சு நைனா. கோபமா உனக்கு?

இனி நான் கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால், அது நீ தரையில் உட்கார்ந்து காத்திருந்த மாதிரிதான் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன். மறுபடி கனவில் வந்தால் தறியை நிறுத்திவிட்டு வா. நீ சொல்வதை நான் கேட்க வேண்டும்.

பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கும்
உன் பெரிய மகள்