அசைக்காமல் ஒரு மணி நேரம்

1946 பிப்ரவரி 4, சிதம்பரம்

காலையில் ஸ்டூடியோவுக்கு ஒருவரும் வரவில்லை. பதினோரு மணிக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து தைலம்மாள் என்ற பெண் வந்தாள். கணவன் அய்யனார் பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். பர்மாவில் இறந்து இரண்டு வருஷம். அவன் பெட்டி போன மாதம்தான் வந்ததாம். அதில் எடுத்து முடித்த ஃபிலிம் சுருள் ஒன்று.

"வூட்ல அவுரு படம் ஒண்ணுகூட இல்லீங்க. இதுல இருப்பாருங்களா?"

படம் பிடித்தவனே அவன். அதில் எப்படி இருப்பான்? பார்க்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 5

இரண்டு வருஷப் புழுக்கத்தில் கிடந்த ஃபிலிம். வழக்கம்போல் ஆட்டி ஆட்டிக் கழுவினால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் கருகிவிடும், நிழலில் ஒன்றும் எழும்பாது. பழைய பத்திரிகையில் ஒரு வழி படித்திருக்கிறேன். ஃபிலிம் கழுவும் மருந்தில் நிறையத் தண்ணீர் கலந்து, ஃபிலிமைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் தொடாமல் விடுவது. வெளிச்சம் அதிகமான இடத்தில் மருந்து சீக்கிரம் களைத்து நின்றுவிடுமாம். நிழலில் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்குமாம். நான் செய்ததில்லை.

பிப்ரவரி 8

என் சுருள் ஒன்றில் செய்து பார்த்தேன். கெட்டது. கோடு கோடாக வழிந்திருக்கிறது.

பிப்ரவரி 9

மருந்து வாங்கக் கடலூர் போனேன். அண்ணாகிராமம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை.

பிப்ரவரி 13

என் இன்னொரு சுருள். முதல் நிமிஷம் மட்டும் மெல்ல அசைத்தேன். பாதியில் ஒரே ஒரு தடவை தூக்கி இறக்கினேன். சரியாக வந்தது. நாளைக்கு அவளுடையது.

பிப்ரவரி 14

மத்தியானம் இருட்டறைக்குள் போய், ஃபிலிமை ஜாடியில் இறக்கினேன். அப்புறம் வேலை இல்லை. இந்த அறையில் என் கை சும்மா இருந்ததே கிடையாது. இருட்டில் சும்மா உட்கார்ந்தால் — வேற யாரு வருவா, எம் பொண்ணு பார்வதம்தான் வந்தா. நாலு வயசு. "என்ன ஒரு படம் புடிப்பா." சண்டைக் காலம், ஃபிலிம் கெடைக்கல, அப்புறம் புடிக்கலாம்னேன். எத்தனை அப்புறம்? மூணே நாள் காய்ச்சல், போயிட்டா. எம் பொண்டாட்டி மங்கலம் அழக்கூட இல்ல. "ஊரு புள்ளைங்க எல்லாம் உங்க பொட்டியில இருக்கு. நம்ம புள்ள எங்க?" — அதைத்தான் கேட்டா. அண்ணாகிராமத்துல அம்மா வூட்டுக்கு பஸ் ஏறிட்டா. ஒரு வருஷம் ஆச்சு. நான் போய் நின்னேனா?

எட்டுப் படங்களில் ஐந்து வெறும் புகைமூட்டம். மூன்று தேறின.

பிப்ரவரி 18

தைலம்மாள் வந்தாள். முதல் படம் லாரி, அடுத்தது ஓர் ஆறு. மூன்றாவதில் வெறும் மணல். மணலில் படம் பிடித்தவனின் நிழல். இவ்வளவுதான் வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவள் அந்த நிழல்மேல் விரலை வைத்தாள்.

"இதாங்க அவுரு. எடது தோளு எறங்கியிருக்கு பாருங்க. மூட்ட தூக்குன தோளு."

வெகுநேரம் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19

ஸ்டூடியோவைப் பூட்டினேன்.

பிப்ரவரி 20, அண்ணாகிராமம்

சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் அடுக்கிக்கொண்டே வந்தேன். மங்கலத்தைப் பார்த்ததும் ஒன்றுதான் வாயில் வந்தது: "நான் புடிச்சிருக்கணும்." அவள் உள்ளே போய் உலையில் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசி போட்டாள்.