தும்மலும் ஒரு பாட்டிலும்

என் செல்லத்துக்கு,

இங்கே ஷாம்பெயினில் திராட்சைக் கொடிகள் துளிர்த்துவிட்டன. அம்மா நலம்.

மூன்று வருடத்துக்கு முன், நீ சேர்த்த முதல் ஒயின் கலவையை எல்லோர் முன்னாலும், "பாத்திரம் கழுவின தண்ணி" என்று கொட்டினேன். "நல்லா மோந்து பாருங்கப்பா" என்றாய். அன்றே வீட்டைவிட்டுப் போனாய்.

அதற்கு முன் வந்த குளிர்காலக் காய்ச்சலிலேயே என் மூக்கு செத்துவிட்டது. ஒயின் நிலவறையில் பாட்டில்களைத் திருப்பி வைக்கிற வேலையாளாகச் சேர்ந்து, முப்பது வருடத்தில் கலவைக்குத் தலைவனானவன் இதை யாரிடம் சொல்வது? உதவியாளர் தியெரியின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவந்தேன். அன்று அவர் தும்மலை அடக்கத்தான் முகத்தைச் சுளித்தாராம்.

மிச்சமிருந்த உன் கலவையை அவர் பாட்டிலில் அடைத்து நுரைக்க வைத்திருந்தார். நேற்று திறந்தார். "அடேயப்பா, என்ன வாசனை!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நானும் நன்றாக மோந்து பார்த்தேன், மகளே. நுரை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா