குளிருக்குள் பூட்டிய ஆணிகள்

அன்புத் தம்பி சுதனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. துபாய் அல் குசைஸ் அறையில் உன் கட்டிலில் இப்போது ஒரு தெலுங்குக்காரர் படுக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் உன்னையே மிஞ்சிக் குறட்டை விடுகிறார்.

சென்ற வாரம் நம் பனிச்சறுக்கு அரங்கில் குளிரூட்டும் இயந்திரம் நின்றுபோனது. உருகிய பனி மறுபடி உறைந்து சரிவெல்லாம் வெறும் ஐஸ். அதைத் தட்டப் போன நேபாளி பிரகாஷ் சரிவின் உச்சியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரை இறக்கப் பனி வண்டியைக் கிளப்பினால், அதன் ரப்பர் பட்டை நின்ற இடத்திலேயே சுற்றியது. உன் பால்மா டின்னை எடுத்தேன். பட்டையில் பூட்டினால் ஐஸைக் கவ்விப் பிடிக்குமே, நீ கழற்றித் துடைத்து வைத்த அந்த ஆணிகள் துருவில்லாமல் இருந்தன.

வண்டியை வெளியே வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் சீக்கிரம் பூட்டலாம் என்றார் நம் மலையாளி சூப்பர்வைசர். நான் அசையவில்லை. போன வருடம் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? உள்ளே விரல் மரத்துப்போகிறதென்று, வெயிலில் வைத்து ஆணிகளை இறுக்கினேன். சூட்டில் பருத்திருந்த ரப்பர் குளிரில் சுருங்கி, நட்டெல்லாம் தளர்ந்தது. பாதிச் சரிவில் ஆணிகள் உதிர்ந்து, வண்டி வழுக்கி வேலியில் மோதியது.

எனக்கு விசா புதுப்பிக்கிற மாதம். யார் பூட்டியது என்று சூப்பர்வைசர் கேட்டதும், நீ முந்திக்கொண்டு, "நான்தான் பூட்டினனான் சேர்" என்றாய். உனக்கு வார்னிங் லெட்டர், லீவும் இரண்டு மாதம் தள்ளிப்போனது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அறையில் கேட்டேன்.

"விடுங்கோ அண்ணை. எனக்கு லீவுதான் போகும், உங்களுக்கு வேலையே போயிடும்."

அந்த லீவில் ஊருக்குப் போனவன் டெங்குவில் போய்விட்டாய். மகளோடு உனக்குக் கிடைத்தது பத்தொன்பது நாள். அந்த இரண்டு மாதத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்தானே?

இந்த முறை உள்ளேயே, கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக இறுக்கினேன். மேலே ஏறி, பிரகாஷை வண்டியில் படுக்க வைத்து மெல்ல இறக்கினேன். ஓர் ஆணிகூடத் தளரவில்லை. அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது அழுகை வந்துவிட்டது. அந்த நன்றி உனக்குச் சேர வேண்டியது தம்பி.

சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். "அன்னைக்குப் பூட்டுனது சுதன் இல்ல சார், நான்தான்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். செய்வதைச் செய்யட்டும். ஆணிகளைத் துடைத்து டின்னில் போட்டுவிட்டேன்.

வருகிற லீவில் சிவகங்கைக்கு முன்னால் யாழ்ப்பாணம் போவேன். நீ ஏன் இரண்டு மாதம் பிந்தி வந்தாய் என்பதை உன் மனைவியிடம் என் வாயாலேயே சொல்வேன். உன் மகளுக்கு விவரம் தெரியும்போது அவளிடமும் சொல்வேன்.

நீ வாய் நிறைய அழைத்த அண்ணை,
முருகேசன்