திரைக்குப் பின்னால் படித்த பெண்

இன்று காலை புதிதாக வாங்கிய படப்புத்தகத்தைப் பிரித்தேன். மையும் பசையும் கலந்த அந்த வாசனை வந்ததும், "மோந்து பாரேன்டி" என்று மாடிப்பக்கம் திரும்பிவிட்டேன். உன் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

உப்பளத்துக் குடியிருப்பில் நான் கீழ்வீடு, நீ மேல்வீடு. வாரமெல்லாம் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் நின்று கால் வீங்கி வருவாய். ஆனாலும் ஞாயிறு மாலை மொட்டைமாடியில் பிள்ளைகளைக் கூட்டி, குதிரையேறிப் போரிட்ட ராணியையும் விமானம் ஓட்டிய பெண்ணையும் பற்றிப் படித்துக் காட்டுவாய். ஜமுக்காளம் விரிப்பதும் சண்டை விலக்குவதும் என் வேலை.

கதை கேட்க வரும் ஜமீலாவின் அத்தா ஒருநாள் படியேறி வந்தது நினைவிருக்கிறதா? பத்தாவதோடு மகளை நிறுத்த முடிவு செய்திருந்தார். "இந்தக் கதையெல்லாம் கேட்டுட்டுதான் மேல படிக்கணும்னு அடம் புடிக்குது. வா வீட்டுக்கு" என்று அவள் கையைப் பிடித்தார். நான் பயந்துபோனேன். நீயோ, "உக்காருங்கண்ணே, கொஞ்சந்தான் பாக்கி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து படித்தாய். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டு, பிறகு டாக்டரான பெண்ணின் கதை அது. அவர் நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "அந்தப் பொண்ணோட அப்பா ஒத்துக்கிட்டாரா?" என்றார்.

"அவரு கூட நின்னதாலதாண்ணே படிச்சாங்க."

மகளின் கையை விட்டுவிட்டு இறங்கிப் போனார். பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்புச் சீருடையில் ஜமீலா உன்னிடம்தான் முதலில் ஓடி வந்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய். "என்னை ஏழாவதோட நிறுத்திட்டாங்கடி" என்று அன்றுதான் என்னிடம் சொன்னாய்.

உன் கடைசி நாட்களில், கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க, "ஞாயித்துக்கிழமைய வுட்றாதடி" என்றாய்.

"எனக்கு உன்னாட்டம் படிக்க வராதே."

"எழுத்துக்கூட்டியாவது படி. அதுங்க கேட்டுக்கும்."

படிக்கிறேன். முதலில் எழுத்துக்கூட்டித் திணறினேன்; பிள்ளைகள் நெளிந்தார்கள். சிலர் வராமலும் போனார்கள். ஜமீலா நர்சிங் படிக்க வெளியூர் போய்விட்டாள். ஜமுக்காளத்தின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல் நானே சுருட்டி எடுத்து வருகிறேன்.

போன வாரம் என்னையறியாமல் உன்னைப் போலவே நிறுத்தி, "அப்புறம் என்னாச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் முட்டிபோட்டு என்னருகே நகர்ந்து வந்தார்கள். உன் குரல் என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வந்து கதவைத் திறந்ததும், "இன்னிக்கு எல்லாப் புள்ளைங்களும் நல்லா கேட்டுச்சுங்கடி" என்றேன். வெறும் வீட்டிடம்தான் சொன்னேன். பிறகு விளக்கைப் போட்டேன்.